டேங்குக்கு எத்தனை மூடி என்று கேட்பதற்கு முன்: களை மருந்து செல்லுக்குள் செய்யும் வேலை

சிவகங்கை மாவட்டத்தில் சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை என்று எந்தப் பக்கத்து மருந்துக்கடையில் போய் நின்றாலும் புரட்டாசி, ஐப்பசியில் காதில் விழுகிற கேள்வி ஒன்றுதான்: “டேங்குக்கு எத்தனை மூடிண்ணே ஊத்தணும்?” களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுபடியாவதில்லை, இரண்டு மழைக்கு நடுவில் கிடைப்பது சில நாள்தான், ஆகவே கேள்வியில் தப்பில்லை. ஆனால் மூடிக்கணக்கு மட்டும் தெரிந்து, அந்த மருந்து செடியில் எந்த இடத்தில் போய் எதை நிறுத்துகிறது என்று தெரியாவிட்டால், எப்போது அடிப்பது, வயலில் தண்ணீர் நிற்கலாமா, எதோடு கலக்கலாம், பயிர் மஞ்சளித்தால் பயப்படலாமா என்ற எதற்கும் பதில் கிடைக்காது. லேபிளில் பொடி எழுத்தில் இருக்கிற வரிகளில் பலவற்றுக்குக் காரணம் செல்லுக்குள் இருக்கிறது. அந்தக் காரணத்தைச் சொல்லி, அதிலிருந்து வயலில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நம் பக்கத்துப் புழுதி நெல்லையும் செம்மண் கடலையையும் மனதில் வைத்து எழுதுவதால், வாய்க்கால் பாசனக்காரர்களுக்குச் சில இடங்கள் பொருந்தாமல் போகலாம்.

பயிர் ஏன் சாகவில்லை?

முதலில் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். மருந்து நெல்லுக்குள்ளும் போகிறது, குதிரைவாலிப் புல்லுக்குள்ளும் போகிறது. பல மருந்துகளில் இரண்டு செடியிலும் தாக்கப்படும் நொதிகூட (செல்லுக்குள் வேதிவேலைகளை நடத்துகிற புரதம்) ஒன்றுதான். பிறகு எப்படி ஒன்று நிற்கிறது, ஒன்று சாகிறது?

பெரும்பாலும் காரணம் செரிமானம். நெல்லுக்கு அடிக்கிற பிஸ்பைரிபேக் சோடியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நெல் செல்லில் பி450 என்ற வகை நொதிகள் இருக்கின்றன. அவை மருந்து மூலக்கூறின் ஒரு பக்கத்தை மாற்றி விடுகின்றன, அப்புறம் வேறு நொதிகள் அதோடு சர்க்கரையை ஒட்டி, செல்லுக்குள் இருக்கிற குமிழறையில் தள்ளிவிடுகின்றன. அங்கே கிடக்கிற மருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. குதிரைவாலிப் புல்லுக்கு இந்த வேகம் இல்லை. மக்காச்சோளத்தில் அட்ரசின் செல்லுபடியாகாமல் போவதும் இதே போலத்தான், அங்கே குளுட்டதயோன் என்ற பொருளை மருந்தோடு கோர்த்துச் செயலிழக்கச் செய்கிறது வேறொரு நொதி. ஆக, பயிர் பிழைப்பது மருந்து அதற்கு ஆகாதது என்பதால் அல்ல, வேகமாகக் கழித்துவிடுவதால்.

இதிலிருந்து நேராக இரண்டு வேலை வருகிறது. ஒன்று, பயிர் சோர்ந்து நிற்கும்போது அடிக்காதீர்கள். மழை ஏமாற்றி இலை சுருண்டு நிற்கிற நெல்லும், மூன்று நாள் முழுகிக் கிடந்து இப்போதுதான் தலை தூக்கிய நெல்லும் மருந்தைக் கழிக்கும் வேகத்தில் பின்தங்கி இருக்கும், அந்த நேரத்தில் சரியான அளவுகூட அதிக அளவாகிவிடும். இரண்டு, இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை, குளோர்பைரிபாஸ், மாலத்தியான் மாதிரி ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சி மருந்துகளைக் களை மருந்தோடு ஒரே டேங்கில் ஊற்றாதீர்கள். இந்தப் பூச்சி மருந்துகள் மேலே சொன்ன பி450 நொதிகளையே முடக்குகிற குணம் உள்ளவை. ஒரு நடை மிச்சம் என்று இரண்டையும் கலந்து அடித்தால், பயிருக்கு இருந்த ஒரே பாதுகாப்பைக் கழற்றிவிட்டு மருந்து கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஒரு வாரம் இடைவெளி விடுங்கள்.

இரண்டாவது வகைப் பிழைப்பு, தாக்கப்படும் நொதியே வேறு வடிவத்தில் இருப்பது. கடலையிலும் உளுந்திலும் முளைத்த புல்லுக்கு அடிக்கிற குவிசலோபாப், நெல்லில் அடிக்கிற சைஹலோபாப், பெனாக்சாபிராப் எல்லாம் ஒரே குடும்பம். செல் சவ்வுக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைச் செய்வதற்கு முதல் படியாக இருக்கிற ஏசிசிஏஸ் என்ற நொதியை இவை பிடிக்கின்றன. புல் இனத்தின் பசுங்கணிகத்தில், அதாவது செல்லுக்குள் பச்சையம் இருக்கிற அறையில், அந்த நொதி ஒரே பெரிய புரதமாக இருக்கிறது, மருந்து அதில் ஒட்டும். கடலை, உளுந்து போன்ற இருவிதையிலைச் செடிகளில் அதே வேலையை நாலைந்து துண்டுகளாகச் சேர்ந்த வேறு அமைப்பு செய்கிறது, அதில் மருந்து ஒட்டவே ஒட்டாது. அதனால்தான் குவிசலோபாப் பட்டாலும் கடலைக்கு ஒன்றும் ஆவதில்லை, பக்கத்திலேயே நிற்கிற சாரணைக்கும் ஒன்றும் ஆவதில்லை. “மருந்து அடித்தேன், சாரணை சாகவில்லை, டூப்ளிகேட் மருந்து” என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்கள் இதை ஒரு தரம் யோசிக்க வேண்டும்.

நெல் புல் இனம்தானே, அதற்குச் சைஹலோபாப் எப்படி அடிக்கலாம் என்று கேட்டால், அங்கே மறுபடியும் செரிமானக் கதைதான்.

மூன்றாவது, மருந்து ஒரு இடத்திலும் பயிர் வேறு இடத்திலும் இருப்பது. பெண்டிமெத்தலின் இதற்கு நல்ல உதாரணம், அதைத் தனியாகவே சொல்லலாம்.

முளைக்கும் முன் அடிப்பவை

பெண்டிமெத்தலின் மண்ணின் மேல் விரல்கடை கனத்துக்கு ஒரு மெல்லிய அடுக்காக நிற்கிறது. மண்ணிலும் மக்கிலும் நன்றாக ஒட்டிக்கொள்ளும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, அதனால் சுலபத்தில் கீழே இறங்காது. அந்த அடுக்குக்குள் முளைவிடுகிற களை விதையின் வேர்நுனி, குருத்து இரண்டும் மருந்தைக் குடிக்கின்றன. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுப்பதற்கு டியூபுலின் என்ற புரதம் நூலாகக் கோர்த்துக்கொள்ள வேண்டும். பெண்டிமெத்தலின் அந்த டியூபுலினில் ஒட்டி, நூல் கோர்க்காமல் செய்துவிடுகிறது. செல் பிரிய முடியாமல் பாதியில் நிற்கும், நீளவும் முடியாமல் உருண்டையாக உப்பும். களையைப் பிடுங்கிப் பார்த்தால் வேர்நுனி தடித்துக் குட்டையாக இருக்கும், பக்க வேர் இருக்காது.

பிரிகிற செல்லில் மட்டும்தான் இதற்கு வேலை. வளர்ந்த இலையில் அடித்தால் அங்கே அது நிறுத்துவதற்கு ஒன்றும் இல்லை. “களை கொஞ்சம் முளைக்கட்டும், கண்ணுக்குத் தெரிந்தபின் அடிப்போம்” என்று பெண்டிமெத்தலினை வைத்திருந்து பத்தாம் நாள் அடிப்பது பணத்தை மண்ணில் ஊற்றுவதுதான். கடலையில் விதைத்த மூன்று நாளுக்குள் அடிக்க வேண்டும், மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். காய்ந்த புழுதியில் அடித்தால் மருந்து மண் துகளில் ஒட்டியபடியே கிடக்கும், வெயிலில் ஆவியாகவும் போகும். புழுதி நெல்லில் விதைத்த நாளிலிருந்து எண்ணாமல், மண் நனைகிற மாதிரி முதல் மழை பெய்த நாளிலிருந்து எண்ணுங்கள், விதைக்கு ஈரம் கிடைக்கிற நாள் அதுதான்.

பெண்டிமெத்தலின் 30 சதவீத ஈசி (தண்ணீரில் ஊற்றினால் பால் மாதிரி கலக்கும் வகை) மருந்தாக இருந்தால் எக்டேருக்கு 3.3 லிட்டர் என்பது ஒரு கிலோ செயல்பொருளுக்குச் சமம், அதாவது ஏக்கருக்கு 1.3 லிட்டர். நம் செம்மண்ணில் மக்கு குறைவு, மணல் கலந்த இடமும் நிறைய, அங்கே மருந்தைப் பிடித்து வைக்க ஆள் இல்லாமல் கனமழைக்கு அது விதை மட்டம் வரைக்கும் இறங்கிவிடும். கடலையை இரண்டு அங்குல ஆழத்தில் போட்டவருக்குப் பாதிப்பு இல்லை, மேலாகப் போட்டவருக்குத் தண்டு அடியில் வீங்கி வெடித்திருக்கும். புழுதி நெல்லிலும் அப்படித்தான், மூடாமல் மேலே கிடக்கிற விதை களையோடு சேர்ந்தே போகும். எனவே விதைத்தபின் ஒரு சால் மேலோட்டமாக ஓட்டி மூடுவது களை மருந்துக்கும் சேர்த்துச் செய்கிற வேலை.

பூட்டாகுளோர், பிரெட்டிலாகுளோர் இரண்டும் வேறு குடும்பம். மிக நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் என்று செல்லில் சில உண்டு, இலை மேல் மெழுகுக்கும் சவ்வுக்கும் அவை வேண்டும். அந்தச் சங்கிலியை நீட்டுகிற நொதிகளை இவை நிறுத்துகின்றன. முளை மண்ணை விட்டு வெளியே வருவதற்குள்ளேயே கதை முடிந்துவிடும், தப்பித் தவறி வந்தாலும் இலை விரியாமல் சுருட்டிக்கொண்டு நிற்கும். நட்ட நெல்லில் நாற்று இருபது, இருபத்தைந்து நாள் வயதானது, வேர் மருந்து அடுக்குக்குக் கீழே இருக்கிறது, அதனால் பிழைக்கிறது. நேரடியாக விதைத்த முளை நெல்லுக்கு அந்த வசதி கிடையாது. அதற்காகத்தான் பிரெட்டிலாகுளோரோடு பென்குளோரிம் என்ற பாதுகாப்பானைச் சேர்த்து ஒரு வகை விற்கிறார்கள். அது நெல் செல்லில் குளுட்டதயோன் கோர்க்கிற நொதியைக் கூடுதலாகச் செய்யச் சொல்லித் தூண்டும், களைக்கு அந்தத் தூண்டுதல் அவ்வளவாக நடக்காது. கடையில் வாங்கும்போது “பாதுகாப்பான் சேர்ந்ததா, சேராததா” என்று கேட்டு, லேபிளிலும் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பெயரில்தான் இருக்கும், பாதுகாப்பான் இல்லாததை விதைப்பு வயலில் அடித்துவிட்டு முளைப்பு சரியில்லை என்று விதைக்காரரைத் திட்டுவது நடக்கிறது.

இந்த மருந்துகளுக்கு வயலில் மெல்லிய தண்ணீர் நிற்க வேண்டும், இரண்டு மூன்று நாள் வடியவிடக் கூடாது. மணலில் கலந்து தூவுகிறவர்கள் எக்டேருக்கு 50 கிலோ மணல், அதாவது ஏக்கருக்கு 20 கிலோ கணக்கில் கலந்து சமமாக விசிறுங்கள்.

முளைத்தபின் அடிப்பவை: பட்டினி போடுகிறவை

பிஸ்பைரிபேக், இமாசெத்தாபிர், கோரைக்கு அடிக்கிற ஹாலோசல்பியூரான், இவை எல்லாம் வேறு வேறு பெயரில் வந்தாலும் தாக்குகிற இடம் ஒன்றுதான். வாலின், லியூசின், ஐசோலியூசின் என்ற மூன்று அமினோ அமிலங்களைச் செடி தானே செய்துகொள்ளும், அந்த வேலையின் தொடக்கத்தில் ஏஎல்எஸ் என்ற நொதி இருக்கிறது. மருந்து அதன் வாயில் குறுக்கே நின்றுவிடுகிறது. அந்த மூன்றும் இல்லாமல் புதுப் புரதம் கட்ட முடியாது, புரதம் இல்லாமல் செல் பிரிய முடியாது. நுனிக் குருத்து சில மணி நேரத்திலேயே வளர்ச்சியை நிறுத்திவிடும். ஆனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது! பழைய இலை பச்சையாகவே நிற்கும், கையிருப்பு தீரும் வரைக்கும் செடி உயிரோடு இருக்கும், மஞ்சளித்துச் சாக பத்து நாள், பதினைந்து நாள்கூட ஆகும். ஐந்தாம் நாள் போய்ப் பார்த்துவிட்டு “மருந்து வேலை செய்யவில்லை” என்று மறுபடி அடிக்கிறவர்கள் இந்த மருந்தில்தான் அதிகம். செய்ய வேண்டியது ஒன்றே: களையின் நடுக்குருத்தைப் பாருங்கள். புது இலை வராமல், குருத்து வெளிறி நின்றால் மருந்து பிடித்துவிட்டது.

பிஸ்பைரிபேக் 10 சதவீத எஸ்சி (நுண்துகளாக மிதக்கும் திரவ வகை) ஏக்கருக்கு 80 முதல் 100 மில்லி. களை இரண்டிலிருந்து நாலு இலையில் இருக்கும்போது, விதைத்த 15 முதல் 20 நாளுக்குள். இது இலை வழியாகப் போக வேண்டிய மருந்து, ஆகவே தண்ணீரை வடித்துக் களை இலை வெளியே தெரியும்படி செய்துவிட்டு அடியுங்கள், இரண்டு மூன்று நாள் கழித்துத் தண்ணீர் கட்டுங்கள். அடித்தபின் ஆறு மணி நேரமாவது மழை இல்லாமல் இருந்தால் நல்லது. ஐப்பசியில் அதை யார் உத்தரவாதம் தருவது, வானத்தைப் பார்த்துக் காலையிலேயே முடிக்க வேண்டியதுதான், நம் பக்கம் மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் இறங்கும். அடித்த சில நாளில் நெல் கொஞ்சம் மஞ்சளிக்கும், செரிமானம் முடிந்ததும் ஒரு வாரத்தில் பச்சை திரும்பும். அதற்காக யூரியாவை அள்ளிப் போட வேண்டாம்.

ஒரு குறை உண்டு. காக்காய்க்கால் புல்லும் சிலந்திப் புல்லும் பிஸ்பைரிபேக்குக்குச் சரியாகச் சாவதில்லை, புழுதி நெல்லில் நம்மைப் படுத்துவதே அவைதான். அதற்குச் சைஹலோபாப் அல்லது பெனாக்சாபிராப் வகைதான் வேண்டும். அவை குருத்தின் அடியில் செல் பிரிகிற இடத்தைப் பிடிக்கும். ஒரு வாரம் கழித்துப் புல்லின் நடுக்குருத்தை இழுத்தால் அழுகிய அடியோடு கையில் வந்துவிடும். அந்த மருந்தோடு 2,4-டியைக் கலக்காதீர்கள், புல் மருந்தின் வேலை குறைந்துவிடும். புல்லுக்கு முதலில் அடித்து, ஒரு வாரம் கழித்து அகல இலைக் களைக்கு அடியுங்கள்.

பாசுமதியில் பூசா 1979, பூசா 1985 என்று இரண்டு ரகம் 2021-ல் வெளியானதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்த ரகங்களில் ஏஎல்எஸ் நொதியின் வடிவமே கொஞ்சம் மாறியிருக்கும், இமாசெத்தாபிர் அதில் ஒட்டாது. நம் ஊர்ச் சம்பா ரகங்களில் அந்த மாற்றம் இல்லை, ஆகவே கடலைக்கு வாங்கி மிஞ்சிய இமாசெத்தாபிரை நெல்லில் அடித்துப் பார்க்கலாமே என்ற எண்ணம் வேண்டாம்.

வளர்த்தே சாகடிப்பது: 2,4-டி

1940-களில் வந்த மருந்து, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. செடியின் வளர்ச்சி ஹார்மோனான ஆக்சினின் வேலையை இது போலியாகச் செய்கிறது. உண்மையான ஆக்சினைச் செடி வேலை முடிந்ததும் உடைத்துவிடும், 2,4-டியை அகல இலைச் செடிகளால் அவ்வளவு சுலபமாக உடைக்க முடியாது. செல்லில் சில மரபணுக்களை அடக்கி வைத்திருக்கிற புரதங்கள் உண்டு, ஆக்சின் வந்தால் அவை அழிந்து மரபணுக்கள் திறந்துகொள்ளும். 2,4-டி இருக்கும் வரைக்கும் அவை மூடவே மூடாது. தண்டு முறுக்கிக்கொள்ளும், இலைக்காம்பு கீழே வளையும், எத்திலின் பெருகும், தண்டுக்குள் உணவுக் குழாய்கள் நசுங்கி அடைபடும். கரிசலாங்கண்ணி, சாரணை, தொய்யக்கீரை எல்லாம் இப்படித்தான் முறுக்கிச் சாகின்றன.

நெல் இதை வேகமாகக் கழித்துவிடும், தண்டு அமைப்பும் வேறு. ஆனால் நேரம் முக்கியம். மூன்று இலைக்கு முன்னாலும், கதிர் உருவாகத் தொடங்கியபின்னும் அடிக்கக் கூடாது. தப்பான நேரத்தில் பட்டால் இலை விரியாமல் குழாயாகச் சுருண்டு வரும். அதைப் பார்த்து ஆனைக்கொம்பன் ஈ என்று நினைத்துப் பூச்சி மருந்து வாங்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள். வித்தியாசம் சுலபம்: ஆனைக்கொம்பன் அங்கங்கே தூரில் ஒன்றிரண்டு சிம்பில் மட்டும் வரும், குழாயைப் பிளந்தால் அடியில் புழுவோ கூட்டுப்புழுவோ அதன் தோலோ இருக்கும். மருந்துப் பாதிப்பு டேங்க் போன தடத்திலேயே, பட்டை பட்டையாகத் தெரியும்.

பருத்தி, தக்காளி, மிளகாய், கத்தரி இதற்கு மிகவும் மென்மையானவை. பருத்தி இலையில் மிகச் சிறிதளவு பட்டாலே விரல் விரலாகக் குறுகிப் போகும். 2,4-டி எஸ்டர், சோடியம் உப்பு, அமைன் என்று சில வகையில் வருகிறது. எஸ்டர் வகை ஆவியாகியும் பரவும், அடித்த வேளையில் காற்று இல்லாவிட்டாலும் மத்தியான வெயிலில் கிளம்பும். பக்கத்துக்கொல்லையில் கத்தரி இருந்தால் எஸ்டரை விட்டுவிட்டு சோடியம் உப்பு அல்லது அமைன் வகையை வாங்குங்கள், ஆடிக்காற்றில் எதையுமே அடிக்காதீர்கள்.

வரப்பிலும் தோப்பிலும்

கிளைபோசேட் பற்றி முதலில் சட்டம். இந்தியாவில் இதற்குத் தேயிலைத் தோட்டத்துக்கும் பயிர் இல்லாத இடத்துக்கும் மட்டுமே அனுமதி, 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு வெளியிட்ட அறிவிக்கை உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள் மூலமாகத்தான் பயன்படுத்த வேண்டும் என்றது. புழக்கத்தில் எப்படி இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

1970-ல் ஜான் பிரான்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளர் இதன் களைக்கொல்லும் குணத்தைக் கண்டுபிடித்தார். இது பிடிக்கிற நொதி இபிஎஸ்பிஎஸ். பினைல்அலனின், டைரோசின், டிரிப்டோபேன் என்ற மூன்று அமினோ அமிலங்களுக்குப் போகிற பாதையில் அது இருக்கிறது. இந்தப் பாதை செடியிலும் நுண்ணுயிர்களிலும் உண்டு, மனித செல்லில் கிடையாது. அதனால் ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை, 2015-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பட்டியலில் வைத்தது, அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அதை ஏற்கவில்லை, வாதம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இலையில் பட்ட மருந்து, செடி சர்க்கரையை அனுப்புகிற புளோயம் வழியாகவே வேருக்கும் கிழங்குக்கும் போகிறது. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். இலை வெட்டிய அருகம்புல்லில் அடித்தால் போக வழியில்லை. வாடி நிற்கிற புல்லில் சர்க்கரை ஓட்டமே நின்றிருக்கும், அதில் அடிப்பதும் வீண். கோரையில் உறங்குகிற கிழங்குகளுக்குச் சர்க்கரை போகாது, மருந்தும் போகாது, ஒரு தரம் அடித்து எல்லாக் கோரையும் ஒழியாததற்குக் காரணம் அது. வேகமாகக் கருக வேண்டும் என்று அளவைக் கூட்டினாலோ, பட்ட இடத்தைக் கருக்குகிற பாராகுவாட் என்ற மருந்தைச் சேர்த்து அடித்தாலோ இலை அன்றைக்கே கருகிவிடும், கிழங்குக்கு மருந்து போய்ச் சேராது, பத்து நாளில் கோரை சிரித்துக்கொண்டு எழுந்து வரும்.

அப்புறம் தண்ணீர். கிளைபோசேட்டும் பாராகுவாட்டும் களிமண் துகளைப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் செயல் போயிற்று. மழைக்காலத்தில் கண்மாய்த் தண்ணீர் செம்மண் கலங்கி வருமே, அதைக் குடத்தில் மொண்டு டேங்கில் ஊற்றுவது மருந்தைப் பாதியாக்குகிற வேலை. தெளிந்த கிணற்றுத் தண்ணீர் எடுங்கள். ஆனால் எல்லாக் கிணறும் நல்ல தண்ணீருக்குப் பேர் போன காரைக்குடிச் சம்பை ஊற்று மாதிரி வாய்க்காது, சோப்பு நுரைக்காத கடினத் தண்ணீரில் கால்சியம் கிளைபோசேட்டைப் பிடித்துக்கொள்ளும். அங்கே அம்மோனியம் சல்பேட்டை முதலில் தண்ணீரில் கரைத்துவிட்டு, அதன் பிறகு மருந்தை ஊற்றினால் சல்பேட் கால்சியத்தைப் பிடித்து வைக்கும். கல்லுப்பு, சோப்புத்தூள், மண்ணெண்ணெய் என்று ஆளாளுக்கு ஒரு கைப்பக்குவம் சொல்கிறார்கள். உப்பு இலையைச் சுட்டு மருந்து உள்ளே போவதைக் கெடுக்கும், மண்ணுக்கும் நல்லதில்லை.

பாராகுவாட்டின் கதையே வேறு. பச்சையத்தில் வெயில் பட்டதும் எலக்ட்ரான்கள் ஒரு புரதத்திலிருந்து அடுத்ததற்கு ஓடும், கண்மாய் மடையிலிருந்து வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வயலுக்குப் போகிற மாதிரி. பாராகுவாட் நடுவில் கரையை உடைத்து அந்த எலக்ட்ரானை ஆக்சிஜனுக்குத் திருப்பிவிடுகிறது. அதில் உண்டாகும் சூப்பர்ஆக்சைடும் அதிலிருந்து வரும் மற்ற ஆக்சிஜன் நச்சுகளும் செல் சவ்வைக் கிழித்துவிடும், செல்லுக்குள் இருக்கிற நீரெல்லாம் வெளியே கசியும், சில மணி நேரத்தில் இலை தொய்ந்து கருகும். வெயில் எவ்வளவோ அவ்வளவு வேகம். பட்ட இடம்தான் சாகும், வேருக்குப் போகாது. இதே வேதியியல் மனித நுரையீரல் செல்லிலும் நடக்கிறது, அந்த செல்கள் இதைத் தேடி இழுத்துச் சேர்த்துக்கொள்ளவும் செய்கின்றன. முறிமருந்து கிடையாது, ஒரு வாய் உள்ளே போனாலே உயிர் போகும். வீட்டில் வைக்காதீர்கள், வேறு பாட்டிலுக்கு மாற்றாதீர்கள், அடைத்த நாசிலை வாயால் ஊதாதீர்கள். சிங்கம்புணரிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: புல்வெட்டும் எந்திரம் இருக்கும்போது இது எதற்கு?

பயிர் இலையைப் படிப்பது

எதுவோ ஆகிவிட்டது, எந்த மருந்து என்று தெரியவில்லை என்றால் முதலில் பழைய இலையா புது இலையா என்று பாருங்கள். புது இலை வெளிறினால் ஏஎல்எஸ் வகை அல்லது கிளைபோசேட். அடியிலிருக்கிற பழைய இலை ஓரத்திலிருந்து மஞ்சளித்துக் கருகினால் அட்ரசின், மெட்ரிபுசின் வகை. அவை வேரிலிருந்து தண்ணீரோடு ஏறி, தண்ணீர் ஆவியாகிற இலை ஓரத்தில் சேரும், அங்கே ஒளிச்சேர்க்கையின் டி1 என்ற புரதத்தில் எலக்ட்ரான் ஓட்டத்தை நிறுத்தும். இலை வெள்ளை வெளேரென்று வந்தால் மக்காச்சோளத்துக்கு அடிக்கிற டெம்போட்ரையோன் வகை, பச்சையத்தை வெயிலிலிருந்து காக்கிற கரோட்டின் நிறமி உண்டாகவில்லை. ஓரிரு நாளில் பொட்டுப் பொட்டாகக் கருகி, அதற்கு மேல் பரவாமல் நின்றால் பாராகுவாட் சாரலோ ஆக்சிபுளோர்பென்னோ, புதுத் தளிர் நன்றாக வரும், கவலை வேண்டாம்.

முந்தைய பயிருக்கு அட்ரசின் அடித்த நிலத்தில் உளுந்து போடப் போகிறீர்களா? மருந்தை மண்ணில் சிதைப்பவை பெரும்பாலும் நுண்ணுயிர்கள், அவற்றுக்கு ஈரம் வேண்டும், வறண்ட வருஷத்தில் மருந்து நெடுநாள் தங்கும். அந்த நிலத்தில் நாலைந்து இடத்தில் மேல்மண் எடுத்து ஒரு தொட்டியிலும், மருந்து படாத அதே மாதிரி மண்ணை இன்னொரு தொட்டியிலும் போட்டு, இரண்டிலும் பத்துப் பத்து உளுந்து ஊன்றித் தண்ணீர் தெளித்து மூன்று வாரம் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி வளர்ந்தால் விதைக்கலாம்.

ஒரே மருந்தை வருஷா வருஷம் அடித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹரியானா, பஞ்சாப் கோதுமை வயல்களே சாட்சி. ஐசோபுரோட்டுரான் என்ற களை மருந்தை மட்டுமே நம்பி அடித்து வந்த இடங்களில் 1990-களின் தொடக்கத்தில் பலாரிஸ் மைனர் என்ற புல் அந்த மருந்துக்குச் சாகாமல் நின்றது. கோதுமை எப்படிக் கழிக்கிறதோ அப்படியே அந்தப் புல்லும் பி450 கொண்டு கழிக்கக் கற்றுக்கொண்டது. ஏஎல்எஸ் வகைக்கு இன்னும் சுலபம், நொதியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலே மருந்து ஒட்டாது. அதனால் பிராண்டை மாற்றினால் போதாது, தாக்குகிற இடத்தை மாற்ற வேண்டும். பல மருந்துகளுக்கு உலக அளவில் குழு எண் கொடுத்திருக்கிறார்கள்: ஏசிசிஏஸ் 1, ஏஎல்எஸ் 2, பெண்டிமெத்தலின் 3, 2,4-டி 4, கிளைபோசேட் 9, பிரெட்டிலாகுளோர் 15, பாராகுவாட் 22. இந்த வருஷம் 2 அடித்த வயலில் அடுத்த வருஷமும் 2 மட்டுமே அடிக்காதீர்கள், தப்பி நிற்கிற களையைப் பூக்க விடாமல் கையால் பிடுங்குங்கள். சந்தேகம் இருந்தால் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்திலோ, செட்டிநாட்டில் இருக்கிற வேளாண் பல்கலைக்கழகத்தின் வறண்ட நில ஆராய்ச்சி நிலையத்திலோ களையை வேரோடு பிடுங்கி எடுத்துப் போய்க் காட்டுங்கள், போனில் வர்ணிப்பதைவிட அது மேல்.

இப்போது மூடி

டேங்குக்கு எவ்வளவு என்பது நீங்கள் நடக்கிற வேகத்தைப் பொறுத்தது. வயலில் ஒரு செண்ட் அளந்துகொள்ளுங்கள், அதாவது சுமார் 40 சதுர மீட்டர். தட்டை விசிறி நாசில் போட்டு, வெறும் தண்ணீரை வழக்கமான நடையில் அடித்து எத்தனை லிட்டர் செலவானது என்று பாருங்கள். 2 லிட்டர் என்றால் உங்களுக்கு ஏக்கருக்கு 200 லிட்டர். ஏக்கருக்கு 100 மில்லி பிஸ்பைரிபேக் என்றால் லிட்டருக்கு அரை மில்லி, 16 லிட்டர் டேங்குக்கு 8 மில்லி. வேகமாக நடந்து செண்டுக்கு 1.2 லிட்டரில் முடிக்கிறவருக்கு அதே டேங்குக்கு 13 மில்லி வேண்டும். இரண்டு பேருக்கும் “ரெண்டு மூடி” என்று ஒரே பதில் சொன்னால் ஒருவர் வயலில் பயிர் சுடும், இன்னொருவர் வயலில் களை பிழைக்கும். மூடிகளும் ஒரே அளவில் வருவதில்லை, மருந்தளக்கும் கோப்பை ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடித்து முடித்ததும் டேங்கை மூன்று தரம் கழுவி, அந்தத் தண்ணீரை அடித்த வயலிலேயே ஊற்றுங்கள், கண்மாயிலோ ஊருணியிலோ கழுவ வேண்டாம். 2,4-டி அடித்த டேங்க் மட்டும் தண்ணீரில் கழுவினால் தெளியாது, குழாய் ரப்பரில் ஊறி நிற்கும். சலவைச் சோடா கரைத்த தண்ணீரை நிரப்பி, நாசில் வழியாகக் கொஞ்சம் அடித்துவிட்டு, ஒரு ராத்திரி ஊறவிட்டுக் கழுவ வேண்டும். முடிந்தால் அதற்கென்று ஒரு பழைய டேங்கைத் தனியாக ஒதுக்கி, மேலே பெயின்டால் எழுதி வையுங்கள். மிளகாய்க்குப் பூச்சி மருந்து அடிக்க யாராவது இரவல் கேட்டால் அந்த டேங்கைக் கொடுக்காதீர்கள்.